ஒரு சாண் மீதமிருந்த சால்வை

என் மக்களே,

அம்மா நம்மை விட்டுப் போய் இந்த மாசியோடு ஓர் ஆண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு அப்பாவும் நான்கு வரி எழுதித் தரவேண்டும் என்று நீங்கள் இருவரும் கேட்டீர்கள். நான் எட்டாம் வகுப்போடு தறிக்கு வந்தவன். எழுத்து எனக்குப் பழக்கமில்லை. அம்மாவின் பொறுமையையும் கைமணத்தையும் பற்றி மற்றவர்கள் எழுதித் தந்ததைப் படித்தேன். எல்லாம் உண்மைதான். நான் எழுதப்போவது ஒரு கம்பளிச் சால்வையைப் பற்றி. அதை அம்மா தொடங்கினார், நான் முடித்தேன். முடித்த பிறகு அதைப் போர்த்தலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன். அந்தத் தயக்கத்தின் பின்னால் நான் உங்களிடம் மறைத்து வைத்த ஒரு காரியம் இருக்கிறது. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் படிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது வாசுதேவநல்லூரில். ஐந்து வயதில் தாயையும் ஏழு வயதில் தகப்பனையும் இழந்தவர். அப்போது அண்ணனுக்கு, அதாவது உங்கள் மாமாவுக்கு, பதினெட்டு வயது. அவர் தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு வால்பாறைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனார். காலையில் தங்கைக்குத் தலை பின்னிவிட்டு, சோறு கட்டிக் கொடுத்து, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அப்புறம்தான் மருந்தடிக்கப் போவாராம். ஆனியும் ஆடியும் அங்கே மழை விடாது. கம்பளி இல்லாமல் பிள்ளைகள் வகுப்பில் உட்கார முடியாது. அதனால் தோட்டத்துப் பள்ளி டீச்சர் பெண்பிள்ளைகளுக்கு ஊசியில் கம்பளி பின்னச் சொல்லிக் கொடுத்தார். அம்மா முதன்முதலில் பின்னியது அண்ணன் கழுத்துக்கு ஒரு மப்ளர்.

அப்படிப்பட்டவரை நான் கல்யாணம் செய்து, கம்பளிக்கு ஒரு வேலையும் இல்லாத இந்த ஊருக்குக் கூட்டி வந்தேன். தறிக்கூடம் எட்டு மாதம் அடைத்துக் கிடந்தபோது, அடுத்த வீட்டு மாரி சித்தியின் தையல்கடைக்கு நைட்டிகளின் பித்தான் துளைகளுக்குக் காஜா எடுத்து நம் நால்வருக்கும் சோறு போட்டது அம்மாதான். கண் எரிகிறது என்றுகூட ஒருநாள் சொன்னதில்லை. அந்தக் கம்பளி பின்னும் ஊசியிரண்டும் மட்டும் பீரோவில் பழைய சேலைக்கு அடியில் கிடந்தன.

போன கார்த்திகைக்கு முந்திய கார்த்திகையில் அவற்றை வெளியே எடுத்தார். எங்கிருந்தோ கருநீலக் கம்பளி நூல் வரவழைத்து, வாசலில் நாற்காலி போட்டுப் பின்ன ஆரம்பித்தார். தெருவில் போகிறவர்கள் சும்மா விடுவார்களா?

"ஏட்டி, சங்கரன்கோவில் வெயிலுக்குக் கம்பளியா? ஆட்டுக்கிடாய்க்கு எதுவும் போடப்போறியா?"

"ஆமா, வீட்டுக்குள்ள ஒரு கிடாய் இருக்குல்லா, அதுக்குத்தான்" என்று என்னைக் காட்டுவார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். சால்வை எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். எப்படி நினைக்காமல் இருப்பேன்? வாரத்துக்கு ஒருநாள் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, "கையை விரிங்க" என்று தோளில் வைத்து அளவு பார்ப்பார்.

கடைசி நாளும் அப்படித்தான். மாசி மாதம், காலை ஒன்பது மணி. தறிக்குக் கிளம்பியவனை நிறுத்தித் தோளில் வைத்துப் பார்த்தார்.

"இன்னும் ஒரு சாண் இருக்கு."

"போதும்ட்டி, இதுக்கு மேல போட்டா என்னைப் பொதிஞ்சு கட்டித் தூக்கிட்டுப் போகத்தான் ஆகும்" என்றேன்.

"வாயைக் கழுவுங்க" என்றார். அதுதான் என்னிடம் அவர் பேசிய கடைசி வார்த்தை.

பதினோரு மணி இருக்கும். தறிக்கூடத்து வாசலில் மாரி நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு தறி ஓடுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வாய் அசைகிறது, அவ்வளவுதான் தெரிந்தது. நைட்டித் துணி கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்து, "சாயந்தரம் வா" என்று கையைக் காட்டினேன். அவள் உள்ளே ஓடிவந்து சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இழுத்து அணைத்தாள். பன்னிரண்டு தறியும் ஒன்றாக நின்றன. இத்தனை வருடத்தில் வேலை நேரத்தில் அந்தக் கூடத்தில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. அந்த அமைதிக்குள் அவள் சொன்னாள்: "அண்ணாச்சி, மதினி எந்திரிக்க மாட்டேங்கா."

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருக்கிறார். மடியில் சால்வை, கையில் ஊசி. ஊசியிலிருந்து பின்னலின் ஒரு கண்ணிகூட நழுவவில்லை என்று மாரி பிறகு சொன்னாள். ஒரு வருடம் ஆகிறது. இன்றைக்கும் தறி நிற்கும்போதெல்லாம் என் நெஞ்சு ஒருமுறை தூக்கிப்போடுகிறது.

மாமா வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மலையிலிருந்து சாயங்காலம் வந்து சேர்ந்தார். தங்கைக்குக் கோடிச் சேலையை விரித்துப் போட்டார். காலடியில் கொஞ்ச நேரம் நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை, திரும்பிப் போய்விட்டார். "மாமா ஏன்ப்பா இப்படி?" என்று கேட்டாய் மகளே. அன்றைக்குப் பேச்சை மாற்றினேன். இப்போது சொல்கிறேன்.

உனக்கு மூன்று வயதில் நம் சாஸ்தா கோயிலில் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்தவேண்டும். மாமா வந்த பேருந்து மலையிலேயே பழுதாகி நின்றுவிட்டது. ஆசாரி ஊசியை வைத்துக்கொண்டு அவசரப்படுத்தினார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். "இன்னும் கொஞ்சம் பொறுங்க. எங்க அண்ணன் வந்துருவாக." நான் கேட்கவில்லை. நல்ல நேரம் போய்விடும், வந்தவர்கள் பசியோடு இருக்கிறார்கள் என்று சொல்லி, அம்மாவின் பெரியப்பா மகன் மடியில் உன்னை உட்கார்த்திவிட்டேன். மாமா ஓடி வந்தபோது உன் காதில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார்கள். கையில் தட்டு, தட்டில் உனக்குக் கம்மல், பட்டுப்பாவாடை. தட்டை அம்மாவிடம் கொடுத்தார்.

"மடிய வேற ஆளுக்குக் குடுத்தாச்சு. எனக்கு இங்கன என்ன வேலை?" என்றார். திரும்பி நடந்தார்.

அம்மா பின்னால் ஓடினார். நான் பந்தலில் நின்றுகொண்டு பத்துப் பேர் கேட்க, "போறவங்கள யாரு பிடிச்சு வச்சா?" என்றேன். பதினேழு வருடங்களாக என் தொண்டையில் நிற்கிற வார்த்தை அது.

அதன்பிறகு அம்மா போன நாள்வரை அவர் நம் வாசலை மிதிக்கவில்லை. நானும் அழைக்கவில்லை. அம்மா இதற்காக என்னோடு ஒருநாளும் சண்டை போட்டதில்லை. ஆனால் மகனே, உன் காதைத் தொட்டுப் பார். உனக்குக் காது குத்தவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "ஆம்பளப் பிள்ளைக்கு என்னத்துக்கு?" என்று அம்மா சிரித்து மழுப்புவார். காரணம் அதுவல்ல. உன்னை இன்னொரு மடியில் உட்கார்த்த அவருக்கு மனம் வரவில்லை.

இனி சால்வைக்கு வருகிறேன். மூன்றாம் நாள் வீட்டை ஒதுங்கவைத்தபோது நாற்காலியில் அது கிடந்தது. ஊசி நீட்டிக்கொண்டிருந்தது. வந்த வீட்டுக் குழந்தைகள் குத்திக்கொள்ளப் போகிறார்களே என்று ஊசியை உருவி எடுத்து வைத்தேன். தறிக்காரன் புத்தி அது. தறியில் துணியை அறுத்து எடுத்து, அது சுற்றியிருந்த கோலை உருவினால் துணி துணியாகத்தான் இருக்கும். ஊடும் பாவுமாக ஆயிரம் இழை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். ஊசிப் பின்னல் அப்படி இல்லை என்று எனக்குத் தெரியாது. மொத்தச் சால்வையும் ஒரே நூல். சால்வையை நாற்காலியிலேயே விட்டுவிட்டுத் திரும்பினேன். நூல் என் கைக்கடிகாரத்தில் மாட்டியிருந்தது. கவனிக்காமல் அடுக்களைப் பக்கம் நடந்தேன்.

"அண்ணாச்சி, நில்லுங்க! அசையாதீங்க!"

மாரி போட்ட கூச்சலில் வீடே திரும்பிப் பார்த்தது. நானும் திரும்பினேன். என் பின்னால் கருநீல நூல் சுருள் சுருளாகத் தரையில் கிடந்தது. அம்மா பின்னியதில் பன்னிரண்டு வரிசை என் கையால் பிரிந்து போயிருந்தது. நான் நடக்க நடக்க அவர் செய்த வேலை அழிந்துகொண்டே வந்திருக்கிறது. அவர் போன அன்றுகூட நான் அழவில்லை, ஊர் அறியும். அன்றைக்கு அழுதேன்.

மாரி தரையில் உட்கார்ந்து, திறந்து கிடந்த கண்ணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் கோத்து எடுத்தாள். அது முடிகிறவரை கையில் நூலோடு நடுவீட்டில் சிலைபோல நின்றேன்.

"உங்கள யாரு இதத் தொடச் சொன்னா? தறிக்காரருன்னா எல்லா நூலும் தெரியும்னு அர்த்தமா?" என்று திட்டிக்கொண்டே கோத்தாள்.

"மாரி, மிச்சத்த நான் போடுதேன். சொல்லிக்குடு."

"நீங்களா? உங்களுக்குச் சட்டைப் பித்தானே தைக்கத் தெரியாதுன்னு மதினி சொல்லுவா."

"பிரிச்சவன் நான்தான. நான்தான் போடணும்."

சித்திரையில் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் மாரியின் கடையில் உட்கார்ந்து கற்றேன். ஜாக்கெட் தைக்க வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அம்மா விரல் வளைத்த வளைவெல்லாம் பிரிந்த நூலில் அப்படியே இருந்தது. நெளிநெளியாக, நீவினாலும் நேராகாது. அந்த நூலையேதான் மறுபடி பின்னினேன். அவர் பின்னல் பலகைபோலச் சமமாக இருக்கும். என்னுடையது ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் தொளதொளக்கும், ஓரம் நெளியும். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் அவர் எங்கே நிறுத்தினார், நான் எங்கே ஆரம்பித்தேன் என்று தெரியும். பிரித்ததையும், மீதமிருந்த ஒரு சாணையும் முடிக்கக் கார்த்திகை வந்துவிட்டது.

முடித்துவிட்டு மடித்து வைத்தேன். போர்த்திக்கொள்ளக் கை வரவில்லை. எனக்காகப் பின்னியதை, அவர் இல்லாமல், நான் கெடுத்துச் சரிசெய்ததை, எந்த முகத்தோடு போர்த்துவது? போர்த்தாமல் வைத்திருந்தாலும் அவர் உழைப்பு வீண். தினமும் எடுப்பேன், மடிப்பேன், வைப்பேன். மார்கழியில் ஒருநாள் காலை நல்ல பனி. சரி என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு போர்த்தி வாசலுக்கு வந்தேன். மாரி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த கோலப்பொடி கொட்டிவிட்டது.

"அண்ணாச்சி, நீங்க ஏன் போத்தியிருக்கீங்க?"

"எனக்குப் போட்டதுதான மாரி?"

"உங்களுக்கா? அவ அண்ணனுக்குல்லா போட்டா!"

எனக்குப் புரியவில்லை. அவள்தான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மா அவள் வீட்டுக்குப் போய் அங்கிருந்துதான் அண்ணனுக்குப் போன் பேசுவாராம். மாமாவுக்கு மழைக்காலத்தில் மூச்சு இழுக்கிறது. ஆனி மழைக்கு முன் சால்வையை முடித்து, சித்திரையில் என்னை எப்படியாவது வால்பாறைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று இருந்திருக்கிறார்.

"உங்க தோளும் அவ அண்ணன் தோளும் ஒரே அளவாம். அதான் உங்கமேல வச்சுப் பாப்பா. உங்க கையாலதான் அவருக்குப் போத்தணும்னு சொல்லிக்கிட்டே இருப்பா. தெரிஞ்சுதான் நீங்க முடிக்கீங்கன்னு நான் நெனச்சேன். உங்ககிட்டச் சொல்லலயா அவ?"

சொல்லவில்லை. சொன்னால் நான் என்ன பேசியிருப்பேன் என்று அவருக்குத் தெரியும். வாரம் தவறாமல் என் தோளில் வைத்துப் பார்த்தது இன்னொருவர் தோளை. நான் கையை விரித்து நின்றேன், ஒன்றும் தெரியாமல். சால்வை உடம்பில் சுட்டது. எடுத்துவிட்டேன். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. ஆனியும் ஆடியும் போய்விட்டன. நான் தயங்கித் தயங்கிப் பின்னிக்கொண்டிருந்த அந்த மழையை மாமா சால்வை இல்லாமல் கழித்திருக்கிறார்.

தைப் பொங்கல் கழிந்ததும் வால்பாறைக்குப் போனேன். வேலையாகப் போகிறேன் என்று உங்களிடம் பொய் சொன்னேன், மன்னியுங்கள். நாற்பது வளைவு ஏறி, விசாரித்து, தோட்டத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். மாமாதான் திறந்தார், அசையாமல் நின்றார். மெலிந்துபோயிருந்தார்.

"அத்தான், நான்தான்."

"தெரியுது. பதினேழு வருசம் லேட்டு. பஸ்சு கெடைக்கலயோ மாப்ளே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"உள்ள வாங்க. கதவத் தெறந்து வச்சா பனி ஏறும்."

உங்கள் அத்தை கொழுந்து பறிக்கப் போயிருந்தார். அவரே கடுங்காப்பி போட்டுத் தந்தார். நான் சால்வையை எடுத்து அவர் முன் வைத்தேன். "உங்க தங்கச்சி உங்களுக்குப் போட்டது" என்றேன். அவர் அதை மடியில் விரித்து விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இது வரைக்கும் அவ."

"ஆமா."

"இதுக்கு மேல யாரு? பூனை பிராண்டின மாதிரி இருக்கு."

"நான்தான் அத்தான்."

"நீங்களா? ஊசி பிடிச்சா?" சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலாக மாறி, அடங்க நேரமாயிற்று.

நான் எழுந்து சால்வையை அவர் தோளில் போடப்போனேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பொறுங்க. மாப்பிள்ளை கையாலதான் போத்தணும்னு போன்ல சொன்னா. அந்த மனுசன் மலையேறி வந்தா பாப்போம்னு நானும் சொன்னேன். வந்துட்டீங்க. அவ இல்லயே. பாக்க அவ இல்லாம எப்படிப் போத்திக்கிட?"

"அன்னைக்கு நான் பேசினது தப்பு அத்தான்."

"எது?"

"போறவங்கள யாரு பிடிச்சு வச்சான்னு கேட்டேம்லா."

"அப்படியா சொன்னீங்க? எனக்குக் கேக்கல. நான் அப்பவே ரோட்டுக்குப் போயிட்டேன்."

மக்களே, பதினேழு வருடம் எந்த வார்த்தைக்காக அவர் முகத்தில் விழிக்கப் பயந்தேனோ, அந்த வார்த்தை அவர் காதிலேயே விழவில்லை.

"எனக்குச் சுட்டது அது இல்ல மாப்ளே. ஒரு பஸ்சு நேரம் எனக்காகக் காத்திருக்கலயே. அதுதான்" என்றார்.

மாசியில் நினைவு நாள், அவசியம் வரவேண்டும் என்றேன். அவர் அடுப்பில் விறகைத் தள்ளிவைத்தார்.

"வாரேன்னு சொல்லிருவேன். மொத பஸ்சைப் பிடிச்சாலும் எப்ப வந்து சேருவேன்னு சொல்ல முடியாது. மலையில மரம் விழும், வண்டி நிக்கும். காத்திருப்பீங்களா?"

"காத்திருப்போம்."

"அவ காத்திருப்பா. அது எனக்குத் தெரியும். நான் கேக்கது உங்கள."

"நான் காத்திருப்பேன் அத்தான்."

அவர் சால்வையை நான்காக மடித்து என் பையில் திரும்ப வைத்தார். "இத அவ படத்துக்கு முன்னால வைங்க. நான் வந்தா, அவ பாக்கப் போத்துங்க" என்றார்.

படத்துக்கு முன்னால் மடித்து வைத்திருக்கும் கருநீலச் சால்வை அதுதான். வந்திருக்கும் பெரியவர்கள் யாரும் அதை எனக்குப் போர்த்திவிட வேண்டாம். அது என்னுடையதல்ல. அதை நான் போர்த்தலாமா என்ற கேள்வி எனக்கு இப்போது இல்லை.

அம்மாவைத் தூக்கி வந்து ஆட்டோவில் ஏற்றிய தெருக்காரர்களுக்கும், தறிகளை நிறுத்தி வைத்துக் காரியம் முடியும்வரை உடன் இருந்த கூடத்துத் தோழர்களுக்கும், பதினாறு நாளும் நம் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்ட உறவுப் பெண்களுக்கும் கைகூப்புகிறேன். மாரிக்கு நான் எதைச் சொல்லி நன்றி தீர்ப்பது? கண்ணிகளை அள்ளி எடுத்தவள் அவள்.

இன்னும் ஒன்று. காலை பதினொரு மணிக்குப் படையல் என்று அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறது. அந்த நேரத்தை யாரும் கணக்கில் வைக்க வேண்டாம். வால்பாறையிலிருந்து வரவேண்டியவர் வந்த பிறகுதான் இலை போடுவோம். மதியமானாலும் சரி, பொழுது சாய்ந்தாலும் சரி. நல்ல நேரம் போகிறது என்று என்னிடம் யாரும் சொல்ல வராதீர்கள். மகளே, அவர் வந்ததும் அந்தக் கம்மலைப் போட்டுக்கொண்டு முன்னால் போய் நில். மகனே, நீ பேருந்து நிலையத்துக்குப் போய் அவர் பையை வாங்கிக்கொள்.

பசிக்கிறவர்களுக்கு மாரி வீட்டில் டீயும் முறுக்கும் இருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் வரட்டும்.

உங்கள் அப்பா